பூஞ்சணத்துக்குக் கேட்ட துஆ

ஜப்பான்காரன் ஏசுவானா?

கல்முனையில் ஜப்பான் மொழி படிக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். சம்பளம் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும். குளிரைப் போனில் பார்த்துவிட்டார்கள். ஏச்சு மட்டும் போனில் இல்லை. வகுப்பு நடத்தும் மாஸ்டர் சொன்னார், அதை எழுதித் தாருங்கள், பிள்ளைகளின் மலரில் போடுவோம் என்று. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கதைக்கிறதும் குறைவு. எழுதுகிறேன். பிழை இருந்தால் என் மகள் திருத்துவாள்.

பதில் இதுதான். நான் அங்கே வேலை செய்த காலம் முழுவதும் என் முதலாளி என்னை ஒரு தடவையும் ஏசவில்லை. ஏசினால் நல்லது என்று நான் நினைத்த ஒரு காலம் உண்டு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு ஊர் நிந்தவூர். மீன்பிடிக் குடும்பம். வாலிபத்தில் மாலைதீவுக்குப் போய், கடற்கரையில் மாசி போடும் கொட்டகையில், வாடி என்போம், வேலை செய்தேன். சூரை மீனை அவித்து, புகை காட்டி, வெயிலில் காயவைத்தால் மாசி. நாம் சம்பலுக்கு இடித்துப் போடுகிற அதே மாசி. அங்கே மீன் வாங்க வந்த ஒரு ஜப்பான்காரர் நான் மீன் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். பிறகு கடிதம் வந்தது. விசா வந்தது. ஜப்பானின் தெற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் போய் இறங்கினேன்.

அங்கேயும் சூரைதான். அங்கேயும் அவித்துப் புகை காட்டுகிறார்கள். பெயர் கத்சுவோபுஷி. மாசிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பலகை போல் காயவைத்து, மெல்லிய தாளாகச் சீவி, வெந்நீரில் போட்டு வடிப்பார்கள். அந்தச் சாறு தாஷி. சூப்பு, நூடில்ஸ், மரக்கறி எதை வைத்தாலும் அடியில் தாஷி இருக்கும். நம் கறிக்குத் தேங்காய்ப்பால் எப்படியோ அப்படி.

முதலாளியின் பெயர் மொரிதா. நாங்கள் ஒயாகதா என்போம். பட்டறைத் தலைவருக்கு அங்கே அதுதான் சொல். குள்ளமான மனிதர். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. கதை எனக்கும் குறைவு, அவருக்கு அதைவிடக் குறைவு. அதனால் ஒத்துப்போனது.

அவர் பழக்கிய விதம் இப்படி. "மிதெ" என்பார். பார் என்று அர்த்தம். செய்து காட்டுவார். தள்ளி நிற்பார். நான் செய்வேன். சரியென்றால் போய்விடுவார். பிழையென்றால் பல்லிடுக்கால் காற்றை உறிஞ்சுவார், ஸ்ஸ் என்று. பிறகு மறுபடி "மிதெ". அவ்வளவுதான் படிப்பு.

வேலையைச் சொல்கிறேன். தலையும் குடலும் எடுத்த மீனை நாலாகப் பிளக்க வேண்டும். முதுகுப் பக்கம் இரண்டு, வயிற்றுப் பக்கம் இரண்டு. தட்டில் அடுக்கி அவிப்பது. தண்ணீர் கொதிக்கக் கூடாது. கொதித்தால் சதை வெடிக்கும். கொதிக்கப் போகிற நேரத்தில் தண்ணீர் சும்மா நடுங்கும். அந்த நடுக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஆறிய பிறகு முள் எடுப்பது. சதை உடையாமல் ஒவ்வொன்றாக. முள் போன குழியிலும் வெடிப்பிலும் அரைத்த மீனை மூங்கில் கத்தியால் பூசி மூடுவது, சுவருக்குச் சாந்து பூசுவது போல. பிறகு புகை. கருவாலி என்ற கெட்டி மரத்தின் விறகு. புகை காட்டி, ஆறவிட்டு, மறுபடி காட்டி, மீன் கரிக்கட்டை போல் வரும் வரைக்கும். இவ்வளவும் எனக்குப் புதிதில்லை. மாலைதீவில் கொஞ்சம் அவசரமாகச் செய்ததை இங்கே அவசரமில்லாமல் செய்தேன்.

அதற்குப் பிறகு வருவதுதான் புதிது. கரி படிந்த மேல்பக்கத்தைச் சீவி, மீனை மரப் பெட்டிகளில் அடுக்கி, மேல்மாடியில் ஈரமும் சூடும் உள்ள அறையில் மூடி வைப்பார்கள். பூஞ்சணம் பிடிக்கட்டும் என்று.

நான் எழுதியதில் பிழையில்லை. பூஞ்சணம்தான். மீனில் பூஞ்சணம் கண்டால் நாம் முகத்தைச் சுளிப்போம். அவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். முதலில் பச்சையாக வரும். நன்றாகப் படர்ந்ததும் வெளியே எடுத்து, வெயில் காட்டி, பிரஷால் துடைத்து, மறுபடி பெட்டியில் வைப்பார்கள். மறுபடி வரும். மறுபடி துடைப்பது. நாலாவது தடவை வரும்போது பச்சை போய் இளம் மண்ணிறமாக இருக்கும். மீனுக்குள் இருக்கும் கடைசி ஈரத்தையும் கொழுப்பையும் அது தின்றுவிடும். அப்போது இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று மணிச் சத்தம் வரும். ஒயாகதா தட்டிப் பார்த்துத்தான் அனுப்புவார். சத்தம் மந்தமாக வந்தால் திரும்பவும் பெட்டிக்கு.

பக்கத்துப் பட்டறைகளில் பூஞ்சணத்தைப் போத்தலில் வாங்கித் தெளித்தார்கள். மொரிதா வீட்டில் அது இல்லை. அந்த வீட்டுப் பூஞ்சணம் பெட்டிகளின் மரத்திலேயே குடியிருந்தது. ஒயாகதாவின் பாட்டனார் செய்த பெட்டிகள். புதிய பெட்டி செய்தாலும் பழைய பெட்டிகளுக்கு நடுவில் வைத்து ஊறவிட்டுத்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு வீட்டு மீனுக்கும் ஒரு வாசம் உண்டு. அந்த வாசம் பெட்டியில்தான் இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னார். அவர் சொன்ன நீளமான வசனங்களில் அது ஒன்று.

அவருடைய மனைவியை ஒக்சான் என்போம். நான் போன முதல் கிழமையிலேயே, நீ எதைச் சாப்பிட மாட்டாய் என்று கேட்டார். பன்றியும் சாராயமும் என்றேன். அவர்களுடைய கறியில் மிரின் என்று ஒரு இனிப்புச் சாராயம் ஊற்றுவார்கள். அடுத்த நாளிலிருந்து எனக்கென்று ஒரு சின்னச் சட்டி. சோயா போத்தலில் சிவப்பு நூல் கட்டியது. அந்த நூல் அறுந்தால் புதிது கட்டுவார். அதைப் பற்றி மறுபடி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

இப்படி நல்லபடி போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ரசீக்கைக் கூப்பிட்டேன்.

ரசீக் என் மனைவியின் ஒரே தம்பி. அவர்கள் குடும்பத்துக்குக் கல்முனைச் சந்தையில் கருவாட்டுக் கடை. ரசீக் அந்தக் கடையிலேயே வளர்ந்தவன். கல்யாணம் முடித்து ஒரு பெண் பிள்ளை. கடை நொடித்துப்போனது. பட்டறையில் ஆள் தேவைப்பட்டபோது நான் ஒயாகதாவிடம் சொன்னேன். நீ சொன்னால் சரி என்றார். வேறு ஒன்றும் விசாரிக்கவில்லை. அது எனக்குப் பெரிய பாரம். என் மனைவி போனில் சொன்னது இன்னும் ஞாபகம்.

"அவன் வாயால கெடுற ஆளு. நீங்கதான் பாத்துக்கணும். திருப்பி அனுப்பிப் போட்டாங்க எண்டா உம்மா தாங்க மாட்டா."

ரசீக் நல்ல வேலைக்காரன். கை சும்மா இராது. வாயும் சும்மா இராது. வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கீழே வெட்டு மண்டபத்தில்தான் நின்றான். மேல் அறைக்குப் புதியவர்களை ஒயாகதா விடுவதில்லை. முதலில் கத்தி, பிறகு புகை, கடைசியில்தான் மேல் அறை. அது அந்த வீட்டு முறை.

அந்த இலையுதிர் காலத்தில் ஒயாகதாவின் மகனுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குச் சீர் கொண்டுபோவது அங்கே ஒரு சடங்கு. வெள்ளை மரத் தட்டில் வரிசையாக வைப்பார்கள். காய்ந்த கணவாய், கடற்பாசி, விசிறி, தலைமயிர் நரைக்கும் வரை சேர்ந்திருக்கட்டும் என்று வெள்ளை நார். கத்சுவோபுஷியும் உண்டு. முதுகுத் துண்டு ஆண். வயிற்றுத் துண்டு பெண். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஆமை ஓடு போல் பொருந்தும். அதனால் அது சோடி. கல்யாணத்துக்கு வரும் விருந்தாளிகளுக்கும் ஆளுக்கொரு சோடி கொடுத்தனுப்ப வேண்டும். வசந்தத்தில் கல்யாணம். கொடுக்க வேண்டிய சோடிகள் மேல் அறைப் பெட்டிகளில் இருந்தன. முதல் பூஞ்சணம் துடைத்து, இரண்டாவதற்கு வைத்திருந்தோம்.

சீர் கொண்டுபோகும் வேனை ஓட்டிக்கொண்டு போனது நான். பட்டறைக்கு லீவு, ரசீக் மட்டும் நின்றான். பெண் வீடு தூரம். ஒயாகதாவும் ஒக்சானும் கறுப்பு உடுப்பில் பின்னால் இருந்தார்கள். அங்கே போய், முழங்காலை மடித்து இருந்து, தலை தரையில் படுமளவுக்குக் குனிந்து, இரண்டு பக்கமும் வைத்த வார்த்தைகளைச் சொன்னார்கள். கூடுதலாக ஒரு சொல் இல்லை. நம் ஊரில் கல்யாணம் பேசப் போனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்போம். அங்கே தட்டில் இருந்த மீன்தான் கதைத்தது. பெண்ணின் தகப்பன் அந்தச் சோடியை எடுத்து முகர்ந்து பார்த்தார். கண்ணை மூடினார். ஒயாகதாவின் முகத்தில் அன்று ஒரு சந்தோசம் கண்டேன்.

அங்கே தங்கியிருந்தபோது எங்கள் கரையில் பெருமழை என்று கேள்விப்பட்டோம். மேல் அறை ஜன்னல் மூடியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒக்சான் என் மூலமாக ரசீக்குக்குப் போன் பண்ணினார்.

நாங்கள் திரும்பி வந்தது ஒரு காலை நேரம். மழை விட்டு நல்ல வெயில். ரசீக் வாசலுக்கே ஓடி வந்தான். கண்ணெல்லாம் சிவப்பு. கையெல்லாம் வெந்நீரில் ஊறிச் சுருங்கியிருந்தது.

"மச்சான், வந்து பாருங்க. நான் மட்டும் இல்லாட்டி இவங்கட யாவாரம் போயிரிக்கும்."

"என்னடா?"

"மேல் அறையில மீன் முழுக்கப் பூஞ்சணம் மச்சான். ஒண்டு மிச்சமில்ல. ஈரம் புடிச்சிரிக்கி. நம்மட கடையில மழைக்கி வாறதுதானே? ஒண்டொண்டா எடுத்து தேங்காத் தும்பால தேச்சி, சுடுதண்ணித் துணியால தொடச்சி, வெயில்ல போட்டிரிக்கன். எல்லாம் மினுங்குது!"

நான் திரும்பிப் பார்த்தேன். ஒயாகதா என் பின்னால் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் விளங்காது. ரசீக்கின் உற்சாகத்தைப் பார்த்துச் சிரித்தார். ரசீக் அவர் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த ஒரே நல்ல சொல்லைச் சொன்னான்.

"கிரெய்! கிரெய்!"

சுத்தம், சுத்தம் என்று.

மூவரும் மேலே போனோம். கூரைத் தட்டில் மீன் வரிசையாகக் கிடந்தது. கழுவிய குழந்தை மாதிரி. ஒயாகதா கிட்டப் போனார். இரண்டு துண்டை எடுத்துத் தட்டினார். காதுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி தட்டினார்.

"மீன் பரவாயில்லை," என்றார். "எப்படியும் துடைக்கிறதுதான்."

நான் மூச்சு விட்டேன். அதற்குள் அவர் கண் அறைக்குள் போனது. பெட்டிகள் சுவரோரம் சாய்த்து அடுக்கியிருந்தன. மரம் வெளுத்திருந்தது. ஒயாகதா போய் ஒரு பெட்டியைத் தூக்கி முகத்தை அதற்குள் வைத்தார். கனநேரம் முகத்தை வெளியே எடுக்கவில்லை. இன்னொரு பெட்டி. அதற்குள்ளும் முகம். பிறகு என்னைப் பார்த்து, "எல்லாமா?" என்று கேட்டார்.

நான் ரசீக்கிடம் கேட்டேன். "எல்லாப் பெட்டியுமா கழுவின?"

"ஓம் மச்சான். கொதிக்கக் கொதிக்க ஊத்தி, சுண்ணாம்பு போட்டுத் தேச்சன். அடிப்பக்கம் கூட விடல்ல. சுவரையும் தொடச்சிரிக்கன். பெட்டியில கொஞ்சம் இரிந்தாலும் திரும்ப வந்துரும். வாப்பா அப்படித்தான் பழக்கின."

கருவாட்டுக் கடைக்கு அது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் பிரச்சினை.

எல்லாம் என்று சொன்னேன். ஒயாகதா பெட்டியைக் கீழே வைத்தார். ரசீக்கின் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் தொடையோடு வைத்து, குனிந்தார்.

"ஒத்சுகாரேசமா," என்றார்.

வேலை முடிந்து போகும்போது அங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் வார்த்தை அது. களைத்துப்போனீர்கள், உங்கள் உழைப்புக்கு மரியாதை என்பது போல. தூங்காமல் உழைத்த ஆளுக்கு அதைச் சொல்லாமல் போவது அவருக்கு முடியாது. சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். படியில் அவருடைய கால் சத்தம் மெதுவாகக் கேட்டது.

ரசீக் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "பாத்தீங்களா? மனிசனுக்கு என்ன சந்தோசம்!"

நான் அவனை எங்கள் அறைக்குக் கூட்டிப் போய் விசயத்தைச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

"நான் கெட்டதத்தானே மச்சான் எடுத்தன்?"

"கெட்டதில்ல. அதுதான் சாமான். பெட்டிக்குள்ள இரிந்ததுதான் விதை."

"இனி வராதா?"

"இனி எதுல இரிந்து வாற?"

"கடையில வாங்க ஏலாதா?"

"ஏலும். அது வேற வீட்டுப் பூஞ்சணம். இந்த வீட்டு வாசம் இவரோட முடிஞ்சிரும்."

தரையில் குந்தினான்.

"ஏசினாரா?"

"இல்ல."

"ஏசச் சொல்லுங்க மச்சான். ரெண்டு அடி அடிக்கச் சொல்லுங்க. ஏசினா சபூர் செஞ்சி பொறுத்துக்கலாம். இந்த மனிசன் குனிஞ்சி மரியாத செஞ்சிட்டுப் போறாரே. நான் எப்படித் தாங்குற?"

பிறகு, "அனுப்பிப் போடுவாரா?" என்றான்.

"தெரியா."

உண்மையில் தெரியாது. பட்டறைப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஒயாகதா கணக்கு அறையில் முழங்கால் மடித்து இருந்தார். கதவு திறந்திருந்தது. ஒக்சான் மெதுவாகச் சொல்வது கேட்டது, "போத்தல் வாங்கலாம்." அவருடைய மகனின் கல்யாணத்தில் வேறு வீட்டு வாசம் உள்ள மீனைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் எப்போதும் அதுதான். இதைச் செய்தது என் வாய்ச்சொல்லை நம்பி எடுத்த ஆள்.

ரசீக் ஊருக்குப் போகச் சூட்கேஸ் கட்டத் தொடங்கினான். நான் தடுக்கவில்லை. பகல் சாப்பாட்டு நேரம் வந்தது. பசி ஒன்றும் இல்லை, ஆனால் சோறு ஆக்கியிருந்தது. சம்பல் போடு என்றேன், அவன் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று.

சம்பலுக்கு நாங்கள் மாசி வாங்குவதில்லை. முனை உடைந்த மீன் துண்டுகளை ஒயாகதா எங்களுக்குத் தருவார். அவற்றைப் போட்டுவைக்க, நான் வந்த புதிதில், மேல் அறைப் பெட்டிகளில் மூலை வெடித்த ஒன்றையும் தந்திருந்தார். அது எங்கள் குசினியில், கழுவும் தொட்டிக்குக் கீழே கிடந்தது. ரசீக் அதை இழுத்தான். மூடியைத் திறந்தான். அப்படியே நின்றான்.

"மச்சான்."

நான் திரும்பினேன். பெட்டிக்குள் துண்டுகள் இளம் மண்ணிறத் தூளில் மூடிக் கிடந்தன.

"இத நான் கழுவல்ல," என்றான்.

"ஊரான்ட பெட்டியெல்லாம் கழுவின. நம்மட பெட்டிய ஏன்டா விட்ட?"

"நம்மட தானே, நாளைக்கிப் பாப்பம் எண்டு விட்டன்."

சோம்பல் ஒருவனைக் காப்பாற்றியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கணக்கு அறைக்கு ஓடினேன். நான் ஓடி ஒயாகதா பார்த்ததில்லை. எழுந்துவிட்டார். எங்கள் குசினியில் ஒரு பெட்டி இருக்கிறது, கழுவாதது என்றேன். அவர் விறுவிறு என்று வந்தார். வந்தவர் எங்கள் வாசலில் நின்றார். அது அவருடைய கட்டடம். எங்களுக்குச் சும்மா தந்த அறை. ஆனாலும் வாசலில் நின்று, "ஒஜாமா ஷிமஸ்" என்றார். தொந்தரவு தருகிறேன் என்று அர்த்தம். சப்பாத்தைக் கழற்றி, நுனி வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்து, பிறகுதான் உள்ளே கால் வைத்தார். அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

பெட்டிக்கு முன்னால் முழங்கால் மடித்து இருந்தார். முகத்தை உள்ளே வைத்தார். இந்த முறை எடுத்தபோது மூக்கு நுனியில் தூள்.

"இருக்கிறது," என்றார்.

பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, தலையைக் குனிந்து கேட்டார்: "இந்தப் பெட்டியை எனக்குத் தருவீர்களா?"

அவர் தந்த பெட்டி. அவர் தந்த மீன். ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான், இனி அது எங்களுடையது என்பது அவருடைய கணக்கு. ரசீக்குக்கு மொழிபெயர்த்தேன்.

"என்னத்துக்குக் கேக்குறாரு? தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க! வேணுமெண்டா என்னையும் உள்ள வெச்சிக் கொண்டுபோகச் சொல்லுங்க!"

தருகிறோம் என்று மட்டும் மொழிபெயர்த்தேன். ஒயாகதா இரண்டு கையாலும் வாங்கினார். அடுத்த நாள் ஒக்சான் ஒரு தட்டு நிறையப் பழம் கொண்டுவந்து தந்தார். பொருள் வாங்கினால் பதில் பொருள் தர வேண்டும். அது அவர்கள் முறை.

எங்கள் துண்டுகளைக் கல்யாணச் சோடிகளுக்கு நடுவில் ஒவ்வொன்றாக வைத்தார். வெடித்த பெட்டியின் பலகைகளைப் பிரித்து, பெட்டிக்கு ஒரு பலகையாக உள்ளே சாய்த்தார். ஈரத் துணி போட்டு மூடினார். இனிக் காத்திருக்க வேண்டியதுதான். வந்தாலும் வரும். சுண்ணாம்பு பட்ட மரத்தில் வராமலும் போகலாம். அதை அவரே சொன்னார்.

அந்த நாட்கள் நீளமானவை. ரசீக்கைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். ரசீக்கின் சூட்கேஸ் கட்டினபடியே கதவோரம் இருந்தது. அவன் வாய் அடங்கிப்போனது. வெட்டு மண்டபத்தில் ஜப்பான்காரர்களே, ரசீக்-சானுக்குச் சுகமில்லையா என்று கேட்டார்கள். ஒயாகதா தினமும் காலையில் மேலே போவார். மூடியை ஒரு விரல் உயரம் தூக்கிப் பார்ப்பார். இறங்கி வருவார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது.

அதிகாலைப் பஜ்ருத் தொழுகைக்குப் பிறகு ரசீக் கையேந்திக் கேட்கும் துஆ நீண்டுகொண்டே போனது. ஒரு நாள் கேட்டேன்.

"என்னடா அவ்வளவு நேரம் கேக்குற?"

"பூஞ்சணம்."

நான் சிரித்துவிட்டேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வாப்பாக்குத் தெரிஞ்சா என்னக் குடும்பத்துல இரிந்தே தள்ளி வெப்பாரு மச்சான். பூஞ்சணம் வரக்கூடா எண்டு துஆ கேட்ட கடை நம்மட கடை. இப்ப நான் வரட்டும் எண்டு கேக்குறன். அல்லாக்கே குழப்பமா இரிக்கும்."

நானும் கேட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

ஒரு காலை. நாங்கள் கத்தி தீட்டிக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து ஒயாகதா கூப்பிட்டார். என்னை இல்லை.

"ரசீக்-சான்."

ரசீக் கத்தியை வைத்தான். என்னைப் பார்த்தான். நானும் கூடப் போனேன். புதியவர்களை விடாத அறையின் வாசலில் ஒயாகதா நின்றார். உள்ளே வா என்று கை காட்டினார். பெட்டியின் மூடியை முழுவதும் எடுத்தார்.

"மிதெ," என்றார்.

மீனின் மேல் மெல்லிய தூள். மாப் பிடித்த கை பட்டது போல. எங்கள் துண்டுக்குப் பக்கத்துச் சோடியில் கூடுதலாக, தள்ளியிருந்ததில் குறைவாக. ஆனால் எல்லாவற்றிலும். இன்னொரு பெட்டி. அதிலும். ரசீக் குனிந்தான். இருபது வருடமாகக் கண்டால் தேய்த்துக் கழுவிய சாமானை, தொடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான். அழுதான். கண்ணீர் பெட்டிக்குள் விழுந்துவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒயாகதா சுவரில் மாட்டியிருந்த பிரஷை எடுத்தார். குதிரை மயிர்ப் பிரஷ், நம் தும்பு போல் முரடு இல்லை. இரண்டு கையாலும் ரசீக்கிடம் நீட்டினார்.

"நன்றாகப் படர்ந்த பிறகு நீ துடை. மீனை மட்டும்."

மீனை மட்டும் என்று சொல்லும்போது வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. அதுதான் அந்த வீட்டில் ரசீக் வாங்கிய ஏச்சு.

அன்று பின்னேரம் அவன் சூட்கேஸை அவிழ்த்தான். உடுப்பெல்லாம் கசங்கிப்போயிருந்தது. நான் என் மனைவிக்குப் போன் பண்ணி, எல்லாம் நல்லம் என்றேன். என்ன நடந்தது என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். அவ்வளவு லேசாக நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் அந்த வீட்டு மீனைக் கொண்டுபோனார்கள். எங்கள் இருவருக்கும் விருந்தாளி ஆசனம். எங்கள் தட்டுகளுக்குப் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டிய சோயா போத்தல். புறப்படும்போது எங்களுக்கும் ஆளுக்கொரு சோடி.

ஆகவே பிள்ளைகளுக்கு என் பதில்: ஏச மாட்டார்கள். குனிவார்கள். அதற்குத் தயாராகப் போங்கள். ஒரு இடத்துக்குப் போனால், எதைக் கழுவலாம் எதைக் கழுவக் கூடாது என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்றும் எழுதவேண்டும். அடுத்த விடுமுறைக்கு நாங்கள் இருவரும் ஒன்றாக ஊருக்கு வந்தோம். என் வீட்டில் சூட்கேஸ்கள் திறந்து எல்லோரும் சாமான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரசீக் முற்றத்தில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். என் மனைவி கல்யாணச் சோடியைத் துணியிலிருந்து அவிழ்த்தாள்.

"அல்லாவே, இதென்ன பூத்துப்போன மீன்? இதயா ஜப்பான்ல இரிந்து தூக்கிட்டு வாற?"

குசினிப் பக்கம் போனாள். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. தும்பு எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நான் எழும்பினேன். அதற்குள் ரசீக் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு ஓடினான்.

"ராத்தா! கழுவாத! கையெடு ராத்தா, கழுவாத!"

அவள் கையில் தும்போடு அசந்துபோய் நின்றாள். அவன் மீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான். இரண்டு துண்டையும் தட்டினான். கணீர் என்றது.

"ஒண்டுமில்ல," என்றான் என்னைப் பார்த்து. "தண்ணி படல்ல மச்சான்."

மறுநாள் என் மனைவி அதைச் சீவிச் சம்பல் போட்டாள். "மாசி மாதிரித்தான் இரிக்கி," என்றாள். நாங்கள் இருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. தட்டு காலியானது.